சரிவில் நிற்காத கார்டன் டிராக்டரும் ஒரு சின்ன பிரேக் பேட் செட்டும்

இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பிரேக் சாமானுக்கு வாங்கின அன்றே ஐந்து நட்சத்திரம் போட எனக்கு மனசு வராது.

எங்கள் கார்டன் டிராக்டர், அதாவது உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி, கியர் வைத்தது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பெடல். ஒரு நாள் வெட்டிய புல்லைக் கொட்டுவதற்காகச் சரிவில் நிறுத்தி, பெடலை மிதித்து, பார்க்கிங் லீவரைப் போட்டுவிட்டு இறங்கினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் சருகு நொறுங்கும் சத்தம். திரும்பினால் வண்டி தானாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பாத்தி ஓரத்துக் கல்லில் முட்டித்தான் நின்றது. அந்தக் கல்லில்தான் என் மகள் உட்கார்ந்து படிப்பாள். அன்றைக்கு அவள் வெளியே வரவில்லை. அதோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

கியரில் போட்டு நிறுத்தினால் நிற்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாதிரி ஒற்றைப் பெடல் வண்டியில் அது உதவாது. பெடல் கீழே பூட்டியிருக்கும்போது டிரைவ் பெல்ட் தளர்ந்துவிடும். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. வண்டியைப் பிடித்து வைத்திருப்பதெல்லாம் கியர் பெட்டியின் பக்கத்தில் உள்ள சின்ன டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற இரண்டு பேடும்தான்.

முதலில் பெடலிலிருந்து வரும் கம்பியில் உள்ள நட்டை இறுக்கிப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி ஆனதே தவிர வண்டி நிற்கவில்லை. அப்புறம்தான் இந்த செட்டை வரவழைத்தேன். இரண்டு பேட், ஒரு இரும்புத் தகடு, இரண்டு சின்ன பின். பேட் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். விளிம்பு சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது, இரண்டும் ஒரே தடிமன். பழையதில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அட்டை மாதிரி தேய்ந்து, முகம் கண்ணாடி போலப் பளபளத்தது.

விற்றவர் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'எல்லா கார்டன் டிராக்டருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தார். அது தப்பு. வண்டி எந்த கம்பெனியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கியர் பெட்டி வேறொருவர் செய்ததாக இருக்கலாம். பியர்லெஸ், ஹைட்ரோ-கியர், டஃப் டார்க் என்று பல உண்டு. பேட் அந்தப் பெட்டிக்குத்தான் பொருந்த வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைத் துடைத்து மாடல் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் பார்க்கிங் பிரேக் நன்றாக இருந்தாலும் பிடிக்காது. இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்புக்கு முன்னால்தான் பிரேக் இருக்கிறது. தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும், தரையில் இருப்பது உருண்டுவிடும். அதனால் சமதளத்தில் வையுங்கள், தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்தை உருவும்போது சக்கரத்தை அச்சோடு பூட்டும் 'கீ' என்ற சின்ன இரும்புத் துண்டு நழுவிப் புல்லில் விழும். கீழே ஒரு துணி விரித்து வைத்தால் தேட வேண்டியதில்லை.

பிரேக் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றியதும் பழைய பின் ஒன்று உருண்டு எங்கேயோ போய்விட்டது. செட்டில் புதுப் பின் இருந்ததால் வேலை நிற்கவில்லை. இதற்காகவே பேட் மட்டும் வாங்காமல் முழு செட்டாக வாங்கச் சொல்வேன். டிஸ்க்கின் இரு முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். பழைய தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடைப்பது நுரையீரலுக்கு நல்லது. உங்கள் பேட் எண்ணெயில் நனைந்திருந்தால் முதலில் கியர் பெட்டி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைப் பாருங்கள். இல்லாவிட்டால் புது பேடும் நனைந்து வீணாகும்.

இனி முக்கியமான இடம். புது பேடை மாட்டி, பிரேக்கிலேயே உள்ள நட்டைக் கையளவில் இறுக்கிவிட்டு நிறுத்தியபோது, வண்டி முன்னைவிடப் பரவாயில்லை, ஆனாலும் மெல்ல நகர்ந்தது. செட்டோடு ஒரு குறிப்புத்தாள்கூட வரவில்லை. என் வண்டிக் கையேட்டைப் புரட்டினால், டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே 0.015 அங்குலம் இடைவெளி வேண்டும் என்றிருந்தது. 0.38 மில்லிமீட்டர். பிரேக்கை விடுவித்துவிட்டு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் அந்த அளவுத் தகட்டைச் செருகி, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். தகடு முதலில் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் இழுக்கும்போது காகிதத்தை விரலிடுக்கில் பிடித்து உருவுகிற மாதிரி ஒரு லேசான பிடிப்பு. அங்கே நிறுத்தினேன். முன்பு இறுக்கிய கம்பி நட்டையும் பழைய இடத்துக்கே தளர்த்திவிட்டேன்.

சக்கரத்தை மாட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டுத் தள்ளினேன். பின்சக்கரம் சுற்றாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. கையேடு சொல்லும் சோதனையும் இதுதான்: சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட வேண்டும், உருளக் கூடாது. அப்புறம் அதே சரிவில் நிறுத்தி, பக்கத்திலேயே நின்று கால் மணி நேரம் பார்த்தேன். டயருக்குக் கீழே சுண்ணக்கட்டியால் போட்ட கோடு அப்படியே இருந்தது.

முதல் சில தடவை ஓட்டியதில் பேட் படிந்து, இடைவெளி கொஞ்சம் கூடியது. நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். இன்றைக்குக் காலையிலும் தகடு அதே பிடிப்போடுதான் வந்தது. பேடுக்கு ஐந்து நட்சத்திரம். குறிப்புத்தாள் இல்லாததற்கும் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்றதற்கும் ஒன்றைக் குறைத்து நான்கு கொடுக்கிறேன்.