இன்காய்ஸ் மீன்வளத் தகவல் சேவை: தென்கடலுக்குக் கைகொடுக்கும், வடகடலுக்கு அல்ல

மீன் கூடும் இடங்களை முன்கூட்டிச் சொல்லும் இந்தச் சேவையை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) இலவசமாகத் தருகிறது. பாம்பன் தெற்குவாடி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கமிருந்து தென்கடலுக்கு, அதாவது மன்னார் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டே கிளம்பலாம். வடகடலான பாக் விரிகுடாவுக்குள் இறங்குகிறவர்கள் இதை நம்பி டீசல் ஊற்ற வேண்டாம்.

காரணம் இதுதான். செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், பச்சையத்தால் மாறும் நீரின் நிறத்தையும்தான் பார்க்கிறது. வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் முட்டும் விளிம்பில் இரை பெருகும், சாளையும் சூரையும் அங்கே வரும் என்பது கணக்கு. வடகடலில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது. காற்றடித்துச் சேறு கிளம்பினால் கலங்கலும் பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். மேகம் மூடினால் எந்தக் கடலுக்கும் தகவல் கிடையாது.

அறிவிப்பில் திசை, கோணம், கரையிலிருந்து தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். கரையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச தூரம் போனால் சிக்னல் போய்விடும். பலரும் தவறுவது இங்கேதான்: அறிவிப்பு பாகை, நிமிடம், விநாடி என்று வரும். படகு ஜிபிஎஸ் பெரும்பாலும் நிமிடத்தைத் தசமத்தில் கேட்கும். 5 நிமிடம் 30 விநாடியை 5.30 என்று அடித்தால் தப்பு, 5.50 என்று அடிக்க வேண்டும். அட்சரேகையில் இந்த வித்தியாசம் சுமார் 370 மீட்டர். மீன் தேடும்போது அது பெரிதில்லை. கடலடிப் பாறைத் திட்டையோ போட்ட வலையையோ தேடும்போது தடுமாற வைக்கும். விநாடியை 60ஆல் வகுத்துப் போட்டால் சரியாகிவிடும்.

தொழிலாளிக்கு என்ன லாபம்? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிக்கிறார்கள். தேடி அலைவது குறைந்தால் வலை இழுக்கிறவர் பங்கும் கூடும். ஆள் குறைவதில்லை, வலையை இழுக்கக் கை வேண்டுமே. மாறுவது படகோட்டும் டிரைவர் வேலைதான். நீரின் நிறம், பறவை, நீரோட்டம் பார்த்து இடம் சொன்ன பெரியவரின் இடத்தில் போன் பார்க்கத் தெரிந்த இளைஞர் நிற்கிறார். அவர் போனை மட்டும் பழகினால், தகவல் வராத நாளில் வல்லம் (மீன்பிடிப் படகு) திசையில்லாமல் சுற்றும். அந்த நாட்களில் பெரியவரை அணியத்தில் (படகின் முன்பகுதியில்) உட்காரவைத்து, இளைஞர் கையில் சுக்கானைக் கொடுத்துப் பழக்கும் வல்லங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.