பொல்லினி வாசித்த ஷோபன் எட்யூட்கள்: 1972 ஒலிப்பதிவு

1960-இல் வார்சாவின் ஷோபன் போட்டியில் 18 வயதில் முதல் பரிசு பெற்ற இத்தாலியப் பியானோ கலைஞர் மௌரிட்சியோ பொல்லினி, 1972-இல் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த, போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் 24 எட்யூட்களும் (பயிற்சி இசைத்துண்டுகள்) ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. விரல் பயிற்சிக்கென எழுதப்பட்டவை என்றாலும், 1833-இல் வெளியான ஓபஸ் (படைப்பு எண்) 10 தொகுப்பும் 1837-இல் வெளியான ஓபஸ் 25 தொகுப்பும் மேடைக்குரிய முழுமையான படைப்புகளே.

ஓபஸ் 10-இன் இரண்டாம் எட்யூடில், வலது கையின் பலவீனமான மூன்று விரல்கள் அரைச்சுர ஓட்டத்தை இடைவிடாமல் நடத்த, அதே கையின் மற்ற இரு விரல்கள் அடியில் ஸ்வரக்கூட்டுகளைத் தொட்டுச் செல்ல வேண்டும். பொல்லினியிடம் இந்த இரண்டு வேலைகளும் இரு வேறு கலைஞர்களுடையவை போலத் தனித்தனியே தெளிவாகக் கேட்கின்றன. முதல் எட்யூடில் கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயிவரை விரியும் அலைகளில் ஒரு ஸ்வரமும் மங்குவதில்லை.

இந்தத் துல்லியமே சிலருக்குக் குறையாகப் படுகிறது. ஈ மேஜரில் அமைந்த புகழ்பெற்ற மூன்றாம் எட்யூடில் எனக்கும் இன்னும் சற்று நெகிழ்வு வேண்டியிருந்தது. உரத்த இடங்களில் பியானோவின் நாதம் கொஞ்சம் உலோகத்தன்மையுடன் ஒலிப்பதும் உண்மை. ஆனால் உணர்ச்சியற்ற வாசிப்பு என்ற குற்றச்சாட்டை, இடது கை செல்லோ என்ற தந்தி வாத்தியத்தைப் போல் பாடும் ஓபஸ் 25-இன் ஏழாம் எட்யூடைக் கேட்ட பிறகு ஏற்க இயலவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.