தடைக்காலத்தில் ஒரு ஊட்டி பஸ் டூர்: இறக்கிக் கொண்டுவந்த விதம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபத்தில் பல குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்புவது இந்த 61 நாளில்தான். நான் படகு இன்ஜின் மெக்கானிக். எனக்கு மராமத்து வேலை குவிவதும் அப்போதுதான். மே கடைசியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கவும், அம்மாவையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு, ராமநாதபுரத்து டூர்காரர் ஒருவரின் பஸ்ஸில் ஊட்டி போய் வந்தேன். ஆளுக்கு 5,500 ரூபாய். சாப்பாடு, ரூம், கைடு எல்லாம் அதில் அடக்கம்.

ஏறும்போது குறை ஒன்றும் இல்லை. ஊட்டிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். கல்லாறு செக்போஸ்டில் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கிக்கொள்வார்கள் என்று கைடு தம்பி முதல்நாளே சொல்லிவிட்டதால் எல்லோர் கையிலும் எவர்சில்வர் பாட்டில். தாவரவியல் பூங்காவில் ஒரே கூட்டம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை என்றாலும், அந்தக் குளிரை அம்மா இன்னும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரூமில் வெந்நீர் காலையில் ஒரு மணி நேரம்தான். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது திரும்பி வந்த பயணத்தை. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுகிறார்கள். ராத்திரியே கிளம்பினால் விடிகாலையில் ஊர் போய்ச் சேரலாமே என்று பஸ்ஸில் சிலர் கேட்டார்கள். டிரைவர் அண்ணன், "இருட்டில் மலை இறக்க மாட்டேன், தூங்கிட்டு வாங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

நான் முன்சீட்டில் இருந்ததால் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோத்தகிரி தாண்டியதும் செகண்ட் கியருக்கு வந்தவர், சரிவு குறையும் வரை அதை விடவே இல்லை. வேகத்தை இன்ஜினே பிடித்து வைத்தது; பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்தி விடுவார், அவ்வளவுதான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து, லைனர் கருகும் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும், இன்னொரு சுற்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். வாழ்நாளெல்லாம் இன்ஜினோடு புழங்குகிற எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கைடு தம்பியும் குறை வைக்கவில்லை. இறங்கும்போது காது அடைத்து அம்மா பயந்தபோது, "எச்சில் முழுங்குங்க பாட்டிம்மா, சரியாயிடும்" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றார். மேட்டுப்பாளையத்தில் இரண்டாவது டிரைவர் மாறினார். அதுவரை அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தார்கள்.

ஒரே கோபம், மதுரைக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நிறுத்திய ஹோட்டல். ஆறிப்போன பரோட்டா, பெண்கள் கழிவறையில் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரி கேட்ட பிறகுதான் வாளியில் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனை தூரம் வரும் பெண்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தானே? டூர்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், இடத்தை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

பரமக்குடி தாண்டியதும் ஜன்னலில் வெக்கை வந்தது. பல டூர்களில் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், பெட்டியும் பிள்ளையுமாக நடுராத்திரி ஆட்டோ தேட வேண்டும். இவர்கள் உச்சிப்புளி, மண்டபம் என்று அவரவர் தெருமுனையில் நிறுத்தி, மூட்டைகளை இறக்கிக் கொடுத்து, வீட்டில் விளக்கு எரிந்த பிறகே நகர்ந்தார்கள்.

வயதானவர்களோடு போகிறவர்கள் பதிவு செய்யும்போதே நடுப்பக்க சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் வளைவுக்கு வளைவு தூக்கிப் போடுகிறது.