‘இவரை ஒலிக்க வேண்டாம்’: ஸ்ட்ரீமிங் சேவைகள் தந்த ஒரு பொத்தானின் மதிப்புரை

இசை ஸ்ட்ரீமிங் சேவைகள் பலவற்றில், ஒரு பாடகரின் பக்கத்தைத் திறந்து மூன்று புள்ளிகள் உள்ள இடத்தைத் தொட்டால், பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வசதி கிடைக்கிறது. ‘இந்தக் கலைஞரை ஒலிக்க வேண்டாம்’ என்ற பொருளில், சேவைக்குச் சேவை சற்றே மாறும் சொற்களில் அது எழுதப்பட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவருடைய பாடல்கள் பரிந்துரைகளிலோ தானாகத் தொடரும் ஒலிப்பிலோ வராது. மனம் மாறினால் தடையை நீக்கிக்கொள்ளலாம். பிடிக்காத குரலைத் தவிர்ப்பதற்கான சிறிய சௌகரியம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நாம் கொண்டாடிய ஒருவர்மீது பாலியல் துன்புறுத்தல், வன்முறை போன்ற குற்றச்சாட்டுகள் எழும்போது ரசிகர் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த நிறுவனங்கள் ரசிகரின் கையில் கொடுத்திருக்கும் கருவி ஏறக்குறைய இது ஒன்றுதான் என்பதால், அந்த நோக்கிலேயே இதை மதிப்பிட விரும்புகிறேன்.

இதன் குறைகளைப் புரிந்துகொள்ள, இது வந்த வழியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மே 10 அன்று ஸ்பாட்டிஃபை நிறுவனம், கலைஞர்களின் வெறுக்கத்தக்க நடத்தை குறித்து ஒரு கொள்கையை அறிவித்தது. அதன்படி அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லி, ராப் பாடகர் எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டாசியான் ஆகிய இருவரின் பாடல்களும் நிறுவனமே தொகுத்து முன்னிறுத்தும் பட்டியல்களிலிருந்தும் தானியங்கிப் பரிந்துரைகளிலிருந்தும் எடுக்கப்பட்டன. தேடிப் போனால் கிடைக்கும், தானாக வராது. கெல்லியின்மீது பல ஆண்டுகளாகக் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்தாலும் அன்று வரை எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. மற்றவரோ விசாரணையை எதிர்நோக்கியிருந்தார். ஏன் இந்த இருவர் மட்டும் என்று இசைத்துறையினர் சிலர் கொதித்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, அவர்களை ஏன் விட்டீர்கள் என்று பெண்ணுரிமை அமைப்பினர் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத நிறுவனம், நீதிபதி வேலை தன்னுடையதல்ல என்ற பொருளில் விளக்கமளித்து, ஜூன் 1 அன்றே அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றது. 2019 ஜனவரியில் கெல்லியைப் பற்றிய ஆவணத் தொடர் ஒளிபரப்பாகி ஊரெங்கும் பேச்சான அதே மாதத்தில், இந்தப் பொத்தான் அந்தச் செயலியில் தென்படத் தொடங்கியது. தீர்மானிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து இறங்கிக் கேட்பவரின் கட்டைவிரலுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

முதலில் இது ஒழுங்காகச் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். செய்தியை வாசித்த வாரத்தில் அந்தக் குரல் எதிர்பாராமல் காதில் விழுவது ஒரு சிலருக்கு எரிச்சலோடு முடிந்துவிடும்; அதே போன்ற கொடுமையை அனுபவித்தவருக்கோ அது தாங்க முடியாததாக இருக்கும். அத்தகையவருக்கு இந்தத் தடை உண்மையான பாதுகாப்பு. யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டாம், எந்த ஆதாரத்தையும் காட்ட வேண்டாம், வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் பயன்படுத்தும் சேவையிலும் தடைசெய்த பெயர்கள் தானியங்கி ஒலிப்பில் தலைகாட்டுவதில்லை. தடையை அமைப்பதற்குக் காரணம் கேட்காமல் இருப்பதையும், தடைசெய்தவர்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்தாமல் இருப்பதையும் நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன். குற்றச்சாட்டு எழுந்த நாளில் எத்தனை ஆயிரம் பேர் தடுத்தார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், அது அரை நாளில் இரு தரப்பு ரசிகர்களின் போர்க்களமாகிவிடும்.

சிக்கல் தொடங்குவது, இந்தப் பொத்தான் பாடலை ஒரே ஒருவரின் சொத்தாகப் பார்ப்பதில்தான். தடை பாடகரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அறிமுகமான காலத்தில், அவர் இன்னொருவரின் பாடலில் விருந்தினராக வந்தால் அதைக்கூட இது தடுக்கவில்லை. அதைச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். இசையமைத்தவர், எழுதியவர், தயாரித்தவர் என்று திரைக்குப் பின்னால் இருப்பவர்களை என்ன செய்வது? கெல்லியையே எடுத்துக்கொள்வோம். பாடகி ஆலியாவின் முதல் இசைத்தொகுப்பு 1994ல் வெளிவந்தது. அதன் பாடல்களை எழுதித் தயாரித்ததில் முதன்மைப் பங்கு கெல்லியுடையது. அதே ஆண்டு ஆகஸ்டில், 15 வயதுச் சிறுமியான ஆலியாவை, 18 வயது என்று காட்டிய ஆவணத்தின் துணையோடு 27 வயதான கெல்லி மணந்தார். அந்தத் திருமணம் பின்னர் செல்லாததாக்கப்பட்டது. அந்தப் பொய் ஆவணத்தைப் பெற அரசு ஊழியர் ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கப்பட்டது, 2021ல் நியூயார்க்கில் நடந்த விசாரணையில் நிரூபிக்கப்பட்ட செயல்களுள் ஒன்று. ஆலியா 2001ல் விமான விபத்தில் இறந்துபோனார். உரிமைத் தகராறுகளால் அவருடைய பிற்காலத் தொகுப்புகள் 2021 ஆகஸ்ட் வரை ஸ்ட்ரீமிங்கில் இல்லை. அதுவரை அங்கே கிடைத்த ஒரே முழுத் தொகுப்பு, கெல்லி உருவாக்கிய அந்த முதல் தொகுப்புதான். கெல்லியைத் தடுத்த ரசிகருக்கு ஆலியாவின் அந்தப் பாடல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. சரி, தடை அவற்றையும் சேர்த்து நிறுத்தியிருந்தால்? பாதிக்கப்பட்டவரின் குரல் அல்லவா முதலில் அடங்கியிருக்கும்!

ஃபில் ஸ்பெக்டரின் கதை இதையே இன்னும் கூர்மையாக்குகிறது. 1960களின் ஒலியை வடிவமைத்த தயாரிப்பாளர்களுள் முக்கியமானவர் அவர். லானா கிளார்க்சன் என்ற நடிகையைக் கொன்ற குற்றத்துக்காக 2009ல் தண்டிக்கப்பட்டு, 2021ல் சிறைக்காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் தயாரித்த ரோனெட்ஸ் குழுவின் முதன்மைக் குரலான ரோனி ஸ்பெக்டர், அவரை மணந்து, வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டவர்போல வாழ்ந்து, 1972ல் வெறுங்காலோடு வெளியேறியதாகத் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். தங்கள் பாடல்களுக்கான உரிமத்தொகைக்காக அந்தக் குழுவினர் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்தப் பாடல்களில் அவனுடைய கைவண்ணம் இருக்கிறது என்று ஒதுக்குவதா, அவளுடைய குரல் இருக்கிறது என்று கேட்பதா? இதற்கு எந்தப் பொத்தானும் விடை சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் எழுதியது, யார் தயாரித்தது என்ற விவரம் இந்த நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடலின் விவரப் பக்கத்திலும் காட்டுகிறார்கள். அதே விவரத்தை வைத்து, ‘இவர் பாடியதை மட்டும் தடு’, ‘இவர் தயாரித்ததையும் தடு’ என்று இரண்டு தேர்வுகளைக் கொடுப்பது பெரிய பொறியியல் அல்ல.

அடுத்தது பணம். பொத்தானைத் தொடுபவர்களில் பலர், தங்கள் பணம் அந்தக் கலைஞருக்குப் போகக் கூடாது என்ற எண்ணத்திலேயே அதைச் செய்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பை இது ஏறத்தாழ நிறைவேற்றுவதே இல்லை. பெரிய சேவைகள் பெரும்பாலும் பின்பற்றும் முறைப்படி, எல்லாருடைய சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே பொதுத் தொகையாகச் சேர்ந்து, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கின்படி பிரிக்கப்படுகின்றன. நான் அவரைக் கேட்காமல் இருந்தால் அவருடைய பங்கில் ஒரு துளி குறையும், அவ்வளவுதான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்வரை என் சந்தாவும் கலந்திருக்கும் தொகையிலிருந்தே அவருக்குப் பணம் போகும். தனித்தனி ரசிகரின் கட்டணத்தை அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரித்துத் தரும் முறையை 2021ல் சௌண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை சுயாதீனக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. அப்படி ஒரு முறை பரவலானால்தான் இந்தப் பொத்தானுக்குப் பொருளாதாரப் பொருள் உண்டாகும். இன்றைய நிலையில் இது கேட்பவரின் காதுக்கான வசதியே தவிர, அவருடைய பணப்பைக்கானது அல்ல; இதை எந்த நிறுவனமும் அந்தத் தேர்வுக்குப் பக்கத்தில் ஒரு வரியாவது எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை.

பணத்தின் கதை அத்தோடு முடிவதில்லை. 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, மறு ஆண்டு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற கெல்லியின் கணக்கில், ஓர் இசை வெளியீட்டு நிறுவனம் வைத்திருந்த 5 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட உரிமத்தொகையை இழப்பீட்டுக்கும் அபராதத்துக்குமாக ஒப்படைக்கும்படி 2023 ஆகஸ்டில் நீதிபதி உத்தரவிட்டார். அந்தத் தொகைக்குள் யாரோ எங்கோ கேட்ட பாடல்களின் வருவாயும் அடங்கும். ஆக, தண்டிக்கப்பட்டவரின் பாடலைக் கேட்காமல் இருப்பது பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டையே குறைக்கக்கூடும் என்ற விசித்திரமான நிலையும் வருகிறது. இதைச் சாக்காகச் சொல்லி யாரும் அவர் பாடல்களைத் தேடிக் கேட்க வேண்டியதில்லை. நம் புறக்கணிப்பின் விளைவு நாம் நினைத்த இடத்தில்தான் போய் விழும் என்ற உறுதி இல்லை என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

பொதுமக்களின் எதிர்வினையை இந்தப் பொத்தானைக் கொண்டு அளக்கவும் முடியாது. 2017ல் அட்லாண்டாவில் இரண்டு பெண்கள் தொடங்கிய ‘ம்யூட் ஆர். கெல்லி’ (ஆர். கெல்லியின் ஒலியை அடக்கு) இயக்கம், வானொலி நிலையங்களையும் கச்சேரி அரங்கங்களையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. அது வெளிப்படையான கோரிக்கை. அதே பெயரில் அழைக்கத்தக்க பொத்தானோ ஒவ்வொருவரையும் தனியறையில் உட்காரவைத்து, உனக்குப் பிடிக்காவிட்டால் நீ கேட்காதே என்கிறது. தீர்ப்பு வந்த பிறகு என்ன நடந்தது என்றால், கெல்லியின் இசைத்தொகுப்பு விற்பனை 500 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்ததாக அமெரிக்க இசை இதழ்கள் எழுதின. சிலர் ஆர்வத்தால் கேட்டிருப்பார்கள், சிலர் அனுதாபத்தால், சிலர் எங்கே எடுத்துவிடுவார்களோ என்று வாங்கி வைத்திருப்பார்கள். யூடியூப் 2021 அக்டோபரில் அவருடைய இரண்டு அதிகாரபூர்வச் சேனல்களை நீக்கியது. பாடல்களோ அதே நிறுவனத்தின் இசைச் சேவையில் தொடர்ந்து கிடைத்தன. தடை போட்ட லட்சக்கணக்கானவர்கள் இருந்திருந்தாலும் அவர்களின் குரல் இந்தக் கணக்குகள் எதிலும் இல்லை.

அரங்கத்தில் நடக்கும் எதிர்வினை வேறு வகையானது. 2019 ஆகஸ்ட் நடுவில் ஓபரா பாடகர் பிளாசிடோ டொமிங்கோமீது பல பெண்களின் குற்றச்சாட்டுகள் செய்தியாக வெளிவந்தன, அவர் மறுத்தார். அமெரிக்காவில் பிலடெல்பியா இசைக்குழு உடனே அழைப்பைத் திரும்பப் பெற்றது. இரண்டு வாரத்துக்குள் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசைவிழாவில், அவர் ஒரு சுரம்கூடப் பாடுவதற்கு முன்பே பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. அதனால் இரண்டையும் பற்றி வாதாட முடிந்தது. கைதட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குக்கூட அங்கே கொஞ்சம் துணிவு வேண்டும்.

குற்றம் நிரூபிக்கப்படாத நிலையில் தடைசெய்வது அநியாயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கெல்லியை 2008ல் சிகாகோ நடுவர் குழு விடுவித்தது. அவரைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பு வர மேலும் 13 ஆண்டுகள் ஆயின. நடிகர் கெவின் ஸ்பேசி விஷயத்தில், 2017ல் அவருடைய காட்சிகளை நீக்கி வேறு நடிகரை வைத்து ஒரு படத்தையே மறுபடி எடுத்தார்கள். 2023 ஜூலையில் லண்டன் நடுவர் குழு 9 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. வேலையைப் பறிக்கும் நிறுவனத்துக்கு விசாரணையும் விதியும் மேல்முறையீடும் இருக்க வேண்டும். வீட்டில் என்ன கேட்பது என்று முடிவெடுக்கும் ரசிகருக்கு அவை எதுவும் தேவையில்லை. அந்த வேறுபாட்டைப் பொத்தான் சரியாகவே பிடித்திருக்கிறது. பிழை எங்கே என்றால், நிறுவனங்கள் தங்கள் பங்கையும் அதற்குள் ஒளித்துவிட்டதில்தான். யாரைப் பட்டியலில் முன்னிறுத்துவது, யாரை முகப்பில் வைப்பது என்பவை இன்றும் அவர்கள் எடுக்கும் முடிவுகளே; அவற்றுக்கான விதி மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

சக கலைஞர்களின் கையில் இருக்கும் அதிகாரம் இதைவிடப் பெரியது. கெல்லியோடு 2013ல் பாடிய பாடலைப் பாடகி லேடி காகா 2019 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டு ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து எடுக்கச் செய்தார். என் கட்டைவிரலால் அது முடியாது.

எனவே, ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரங்கள். அந்தக் குரலிலிருந்து விலகி இருக்க விரும்புபவர் தயங்காமல் பயன்படுத்தலாம். பணத்தை நிறுத்த எண்ணுபவர் இதை நம்ப வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தடை உங்கள் கணக்குக்கு மட்டும் உரியது. நண்பரின் காரிலோ அலுவலக ஸ்பீக்கரிலோ வேறொருவரின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பாடல் வரத்தான் செய்யும். அங்கே, பாட்டை மாற்றுங்கள் என்று நீங்கள்தான் வாய்திறந்து கேட்க வேண்டும், ஏன் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.