மோரிஸ் மைனரும் 20டபிள்யூ-50 ஆயிலும்: நாலு வருஷம், நிற்காத ஒரு சொட்டு

மச்சான் போன வாரம் 1965 மோரிஸ் மைனர் ஒன்றை, அந்தக் காலத்து இங்கிலீஷ் காரை, வாங்கிவிட்டார். மறுநாள் காலையிலேயே போன்: "ஆயில் என்ன ஊத்தறது?" முக்கால் மணி நேரம் பேசியும் முடிந்தபாடில்லை. "எழுதியே அனுப்பிடுங்களேன்" என்றார். என் வண்டியிலும் அதே 1098 சிசி இன்ஜின்தான். இங்கே மொரீஷியஸில், கத்ர்போர்னில் ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று வகை ஆயில் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது.

முதலில் ஊற்றியது ஃபுல் சிந்தெட்டிக், 5டபிள்யூ-30. கடைக்காரர் கொடுத்தார், விலையும் அதிகம், ஆகவே நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் வாங்கிவந்தேன். கியூர்பிப் மேட்டில் ஏறிப்போய் மேலே சிக்னலில் நின்றால், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் லைட் மினுக்மினுக் என்று எரியும். கிளம்பினால் அணைந்துவிடும். நான் வயரில் கோளாறு என்று நினைத்து, அதைக்கூட மாற்றினேன். அறிவு!

அந்த 5டபிள்யூ என்பது குளிருக்கான எண். மைனஸ் 30 டிகிரியில் இன்ஜினைச் சுழற்ற முடிகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. 20டபிள்யூ-வுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-ல். கியூர்பிப்பில் ஆடி மாசக் குளிருக்கு நாம் ஒரு ஸ்வெட்டர் போடுவோம், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குக் காசு கொடுத்தது வீண். நமக்கு வேண்டியது இரண்டாவது எண், சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. 100 டிகிரியில் 30-ஐ அளந்தால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (கெட்டித்தன்மையின் அளவு) வரும், 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். அறுபது வருஷம் தேய்ந்த பேரிங் இடைவெளியில் முதலாவது ரசம் மாதிரி ஓடிவிடும். அப்புறம் பிரஷர் எங்கிருந்து வரும்?

இரண்டாவது வருஷக் கடைசியில் டக்டக் என்று சத்தம். என் மெக்கானிக் தோந்தோன் இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேம்ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுவே தள்ளும் டேப்பெட் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடிப்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டில் இரண்டு முனை வழுக்கையாகிவிட்டது. இன்ஜினைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் அந்த ஆயில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் இதை ஓட்டியவர்கள் எதை ஊற்றினார்களோ, யார் கண்டது. ஆனால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. இந்த இன்ஜினில் கேம் முனை டேப்பெட்டின் மேல் அப்படியே உரசிக்கொண்டு போகும், புதிய வண்டிகள் பலவற்றில் இருப்பதுபோல் நடுவில் உருளை கிடையாது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், இசட்டிடிபி என்பார்கள். பாஸ்பரஸ் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை. மோரிஸ் மைனரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே கிடையாது! இல்லாத சாமானைக் காப்பாற்ற இருக்கிற சாமானைப் பட்டினி போட்டிருக்கிறேன். 20டபிள்யூ-50-க்கு அந்த உச்சவரம்பு இல்லை. அதற்காக எல்லா டப்பாவிலும் நிறைய இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், பழைய இன்ஜினுக்கு என்று எழுதியிருக்கிறதா, துத்தநாக அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதுக் கேம் போட்டதும் முதல் ஸ்டார்ட்டிலேயே 20 நிமிஷம், 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும், முனையும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று படிய. ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தோம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

இடையில் சில மாசம் லாரி டீசல் ஆயில், 15டபிள்யூ-40. மோசமில்லை. ஆனால் அதில் கழுவும் சரக்கு அதிகம். பல வருஷ மண்டியைக் கரைத்துக்கொண்டு வந்து 1000 கிலோமீட்டரிலேயே ஃபில்டரைக் கரியாக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மினரல், அதாவது சிந்தெட்டிக் அல்லாத சாதா 20டபிள்யூ-50, இப்போது நாலு வருஷம். மீட்டர் வைத்துப் பார்க்கிறேன், ஓட்டத்தில் பிரஷர் 60 பவுண்டு காட்டுகிறது, மேட்டில் நின்றாலும் லைட் எரிவதில்லை. டேப்பெட் சத்தம் தையல் மெஷின் மாதிரி அமைதியாகிவிட்டது. 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் ஏற இரண்டு மூன்று நொடி ஆகும், அப்போது மட்டும் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது அந்தச் சொட்டு.

மெல்லிய ஆயிலில் ஓடையாக ஒழுகியது, இதில் சொட்டாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. டேப்பெட் மூடியின் கார்க் கேஸ்கெட்டை மூன்று தடவை மாற்றினேன். ராக்கர் மூடி, சம்ப், எல்லாம். கடைசியில் தோந்தோன் என்னைக் குனியவைத்து, கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு ஓட்டையையும் அதில் தொங்கும் ஸ்ப்ளிட் பின்னையும் காட்டினார். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை, ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு திருகுவெட்டு மட்டுமே. அதைத் தாண்டி வரும் ஆயில் வெளியே போகத்தான் அந்த ஓட்டை, அது அடைத்துக்கொள்ளாமல் ஆடிக்கொண்டிருக்கத்தான் அந்தப் பின். ஒழுகும் என்று தெரிந்தே வழிவிட்டிருக்கிறார்கள். சிரிப்பதா, அழுவதா?

இந்தத் தைப்பூசக் காவடியன்று கோயில் சந்தில் நிறுத்தியிருந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. வண்டிக்கடியிலிருந்து தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் சாலைவரை ஓடியது. வெறுங்காலோடு காவடிகள் வர இன்னும் பத்து நிமிஷம். பெரியவர் ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து என் கையில் கொடுத்தார். மஞ்சள் வேட்டியோடு மண்டியிட்டுத் துடைத்தேன். நாலு வருஷத்து நல்லதெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு கோயிலுக்கு பஸ்தான்.

ஆகவே மச்சான், வாங்க வேண்டியது 20டபிள்யூ-50 மினரல், வேறு யோசிக்காதீர்கள். ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இரண்டுதான் கொடுப்பேன். ஆயில் மேல் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நேற்று அக்கா வீட்டுப் புது டைல்ஸில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், காலையிலிருந்து இரண்டு தடவை அவள் போன். நான் இன்னும் எடுக்கவில்லை.