சிறு காலிபர் ரைஃபிள் குழலைத் துடைக்கும் கருவிகள்: எதற்குச் செலவிடலாம், எதை விட்டுவிடலாம்

நான் முதலில் வாங்கியது எல்லா காலிபருக்கும், அதாவது எல்லாக் குழல் அளவுக்கும், பொருந்தும் என்று எழுதியிருந்த ஒரு துப்புரவுப் பெட்டி. மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி, பல அளவுகளில் பித்தளை நிற பிரஷ்கள், சிறு புட்டியில் எண்ணெய், கொஞ்சம் துணித்துண்டுகள் என்று பார்ப்பதற்கு நிறைவாகவே இருந்தது. பாயிண்ட் 22 ரைஃபிளில் நாலைந்து முறை பயன்படுத்துவதற்குள் கம்பியின் இணைப்புகள் தளர்ந்தன. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. குழலுக்குள் கம்பியைத் தள்ளும்போதெல்லாம் அந்த விளிம்புதான் உட்சுவரில் உரசிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது அந்தப் பெட்டியில் துணித்துண்டுகளைத் தவிர வேறெதையும் நான் எடுப்பதில்லை.

பெரிய குழலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தக் குறை, சிறிய குழலில் பொறுக்க முடியாததாகிவிடுவதற்குக் காரணம் உண்டு. பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான குழலின் உள்விட்டம் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். பாயிண்ட் 17 காலிபரில் அது நாலரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. அதற்குள் நுழையும் கம்பி இன்னும் மெல்லியதாக இருந்தாக வேண்டும். உருண்டைக் கம்பி ஒன்றின் விட்டத்தைப் பாதியாக்கினால், வளையாமல் நிற்கும் அதன் திறன் பாதியாக அல்ல, பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே இறுக்கமான துணியைத் தள்ளும்போது மெல்லிய கம்பி வில்லாக வளைந்து, குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்களின் மேட்டில் நடுப்பகுதியால் தேய்க்கிறது. இந்த வளைவைக் குறைப்பது எதுவோ அதற்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்பதுதான் என் தேர்வுக்கு அடிப்படை.

அதனால் முதல் செலவு ஒரே துண்டாலான கம்பிக்கு. துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் பூச்சு போட்ட எஃகு, கார்பன் ஃபைபர் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பூச்சுக் கம்பி குழலுக்கு மென்மையானது. ஆனால் மென்மையான பரப்பில் மணலும் கரியும் பதிந்துகொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறை வெளியே இழுத்ததும் துணியால் துடைக்காவிட்டால் அதுவே உப்புத்தாளாகிவிடும். வெற்று எஃகில் அழுக்கு எளிதில் பதியாது, அது விறைப்பாகவும் இருக்கும். ஆனால் கை கோணினால் மன்னிக்காது. கார்பன் ஃபைபர் வளைந்தாலும் நிரந்தரக் கோணலாக நின்றுவிடாமல் பழைய நேர்கோட்டுக்கே திரும்பிவிடுகிறது. பாயிண்ட் 22-க்கு நான் இப்போது வைத்திருப்பது அதுவே; பாயிண்ட் 17-க்கு மட்டும் விறைப்பை முன்னிட்டு எஃகையே தேர்ந்தெடுப்பேன்.

கைப்பிடியில் பேரிங் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். துணியும் பிரஷும் வரிப்பள்ளத்தின் திருகலைப் பின்பற்றிச் சுழல வேண்டும். கம்பி சுழலாவிட்டால் பிரஷின் இழைகள் பள்ளங்களைக் குறுக்காகத் தாவிச் செல்லுமே தவிர, மூலையில் உள்ள அழுக்கைத் தொடாது. நுனியின் மரையளவையும் வாங்கும் முன்பே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பாயிண்ட் 22 பிரஷ்களில் பரவலாகக் காணப்படுவது 8-32 மரை. பாயிண்ட் 17 பிரஷ்களுக்கு அதைவிடச் சிறிய 5-40. இதைக் கவனிக்காமல் வாங்கி, பொருந்தாத பிரஷ்களுடன் நின்றவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது செலவு போர் கைடுக்கு. தோட்டா அறையின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகும் இந்தக் குழாய், கம்பியைக் குழலின் நடுக்கோட்டில் நிறுத்துகிறது. தோட்டா அறைக்கு முன்னே வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம் தேயாமல் காக்கிறது. கரைப்பான் டிரிகர் பகுதிக்குள் வழிவதையும் தடுக்கிறது. பலர் இதை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், நல்ல கம்பியை வாங்கிவிட்டு இதை விடுவது நிலைச்சட்டம் இல்லாத கதவுக்கு விலையுயர்ந்த பூட்டு வாங்குவதைப் போன்றது. எந்த மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஆடுகின்றன. உங்கள் ரைஃபிளுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். போல்ட்டைக் கழற்றும் முன் மேகசினை எடுத்துவிட்டு, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்க்க வேண்டும்.

பிரஷ் விஷயத்தில் என் கருத்து சற்று மாறுபட்டது. பாயிண்ட் 22 ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும்) தோட்டாக்களில் பெரும்பாலானவை மெழுகோ கிரீஸோ தடவிய ஈயக் குண்டுகள். குழலில் அவை விட்டுச்செல்வதில் பெரும்பகுதி ஈரத் துணிக்கே வந்துவிடும். விடாப்பிடியாக ஒட்டிக்கொள்வது தோட்டா அறைக்குச் சற்று முன்னே வளையமாகப் படியும் கரிதான், அதற்கு மட்டும் பாஸ்பர் வெண்கல பிரஷ் தேவை. பிரஷை நடுவழியில் திருப்பி இழுக்கக் கூடாது. குழல்முனையைத் தாண்டி வெளியே வந்த பிறகே திருப்ப வேண்டும், இல்லையேல் இழைகள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகு இழை பிரஷ்களை நான் எந்தக் குழலிலும் விடமாட்டேன்.

கம்பியின் நுனியில் திருகித் துணியைத் தள்ளும் ஜாக் என்ற சிறு முனை பித்தளையாக இருந்தால், செம்பைக் கரைக்கும் அம்மோனியா வகைக் கரைப்பான்கள் ஜாக்கையே கரைத்துத் துணியை நீலமாக்கும். குழலில் இன்னும் செம்பு இருக்கிறது என்று நம்பி மணிக்கணக்கில் தேய்க்க நேரிடும். நிக்கல் பூசிய ஜாக் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ஈயக் குண்டு மட்டுமே சுடுபவருக்கு அந்த வகைக் கரைப்பான் தேவையே இல்லை. செம்புறை போட்ட குண்டுகளைச் சுடும் பாயிண்ட் 17 ஹெச்எம்ஆர் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிளுக்குத்தான் அது வேண்டும்.

பின்புறத்திலிருந்து கம்பியை நுழைக்க முடியாத செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்குக் கயிறு வகைப் புல்-த்ரூ சரியான துணை. பின்பக்கமாக நுழைத்து முன்பக்கமாக இழுக்கலாம், பைக்குள் சுருட்டி வைக்கலாம், வளைவு என்ற பேச்சே இல்லை. ஆனால் பிரஷ் பின்னிய கயிற்றைத் துவைக்காமல் திரும்பத் திரும்ப இழுத்தால் பழைய அழுக்கே குழலுக்குள் போய் வரும். இழுக்கும்போது கயிறு குழல்முனையின் ஒரே ஓரத்தில் உரசாதபடி நேராக இழுக்கவும் வேண்டும், ஏனெனில் குண்டு வெளியேறும் அந்த விளிம்பில் சிறு தேய்மானம் ஏற்பட்டாலும் குறி சிதறும். நைந்த கயிற்றைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள். உள்ளே அறுந்த கயிற்றை வெளியே எடுப்பதற்குக் கடைசியில் அந்த ஒரே துண்டுக் கம்பியைத்தான் தேட வேண்டியிருக்கும்.