காட்டுமாட்டுக்கு ரேடியோ காலர் மாட்டுவதா, சாண ஆய்வா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காட்டுமாடுகள் எப்படி நடமாடுகின்றன என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி: மயக்க ஊசி போட்டு, இருக்கும் இடத்தைச் சிக்னலில் காட்டும் கழுத்துப் பட்டையான ரேடியோ காலர் மாட்டுவது, அல்லது கேமரா வைத்து, சாணம் எடுத்து மரபணு பார்ப்பது.

காலர் தரும் தகவலுக்கு ஈடில்லை. 2023-ல் அரிக்கொம்பன் யானை பெரியாறிலிருந்து கம்பம் பக்கம் நகர்ந்ததைக் காலர் சிக்னலை வைத்துப் பின்தொடர்ந்தார்கள்.

ஆனால் அந்த ஊசி சாதாரண விஷயம் இல்லை. அசைபோடும் விலங்கு மயங்கி ஒருபக்கமாகச் சாய்ந்தால் வயிறு உப்பும், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், துரத்தப்பட்ட பயத்தில் தசை சிதைந்து சில நாள் கழித்துக்கூடச் சாகலாம், அதுவும் சேர்வராயன் சரிவில் ஊசி பட்டதும் ஓடினால் எங்கே போய் விழும் என்று யார் சொல்ல முடியும்?

சாணம் எடுப்பதில் விலங்குக்குத் தொந்தரவே இல்லை. காட்டுமாட்டுக்குப் புலியைப் போல வரி இல்லாததால் கேமராவில் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பது கடினம், நேற்று இரவு எங்கே நின்றது என்பதும் தெரியாது. சரி, ஆனால் ஏறக்குறைய எத்தனை இருக்கின்றன, எந்தத் தோட்டத்துக்கு வருகின்றன என்ற கேள்விகளுக்குச் சாணமும் கேமராவும் போதும். அந்த விலங்கின் பிழைப்புக்கே உதவுகிற கேள்வி வேறு இருந்தால் மட்டும் ஊசியை எடுங்கள், அதுவும் கால்நடை மருத்துவர் கூடவே நின்று, தானாகக் கழன்று விழும் காலரோடு.